காலாங் ஆற்றில் கழற்றாத முட்டுகள்

நான் முன்கோபக்காரன். சிங்கப்பூரில் ஜப்பான்காரன் காலத்தில் அதுவே பெரிய குற்றம். சந்தியில் நிற்கும் சிப்பாயைக் குனிந்து வணங்காவிட்டால் கன்னம் பழுத்துவிடும். நானும் வணங்கினேன். ஆனால் மரவேலையில் எவனுக்கும் குனிந்ததில்லை.

குண்டு விழுந்து இடிந்த பாலத்தைக் காலாங் ஆற்றில் திரும்பக் கட்டினார்கள். தச்சர் பன்னிரண்டு பேருக்கு நான் மண்டோர், அதாவது மேஸ்திரி. சேற்றில் மரமுட்டுகளை நிறுத்தி, மேலே பலகை அடித்து, அதன்மேல் கான்கிரீட் கொட்டியிருந்தோம். ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் ஓர் ஆப்பு. கான்கிரீட் இறுகியதும் ஆப்பைத் தட்டி முட்டைக் கழற்ற வேண்டும். எங்களுக்குள் ஒரு முறை உண்டு. முதல் ஆப்பை மண்டோர்தான் தட்டுவான். அதுவரை வேறு யாரும் தொடமாட்டார்கள். பாலம் சரிந்தால் முதலில் சாகவேண்டியவன் அவன்தானே.

கொட்டிய ஐந்தாம் நாளே ஜப்பானிய அதிகாரி வந்து நின்றான். முட்டு மரங்கள் வேறு இடத்துக்கு உடனே வேண்டுமாம். கலவையிலோ சிமெண்டைவிட மணல்தான் அதிகம். ஆணியால் கீறிப் பார்த்தேன், பொலபொலவென்று உதிர்ந்தது. கழற்றினால் கீழே நிற்கும் அத்தனை பேரும் சட்னிதான்.

"இன்னும் பத்து நாள் வேணும்னு சொல்லுங்க," என்றேன். துபாஷியாக வந்தவர் ஜப்பானிய வகுப்புக்குப் போய்ப் படித்த யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா.

"தம்பி, உந்தக் கதையை நான் எப்பிடிச் சொல்லுறது? என்னையும் சேர்த்தெல்லோ அடிப்பாங்கள்," என்றார். இருந்தும் சொன்னார். அறை எனக்குத்தான் விழுந்தது. பயமில்லை என்றால் பொய். வாய் மட்டும் அடங்கவில்லை.

"அவனை எம்பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க. இப்பவே தட்டுறேன்."

அதிகாரி மேலே ஒருமுறை பார்த்தான். வரவில்லை. ஆப்பு தட்டும் என் மரச்சுத்தியான கொட்டாப்புளியைப் பிடுங்கி, இனி நீதான் மண்டோர் என்று பக்கத்தில் நின்றவனிடம் நீட்டினான். பிள்ளைகுட்டிக்காரன். அவன் தட்டியிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன். இரண்டு கையாலும் வாங்கி, என் காலடியில் வைத்தான்.

"மண்டோர் அண்ணே இன்னும் தட்டலைங்க."

அவனுக்கும் அறை. அடுத்தவனும் அப்படியே செய்தான், அவனுக்கு உதடு கிழிந்தது. மூன்றாமவனைக் கூப்பிடவே இல்லை. அவனாகவே கன்னத்தைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தான். பின்னால் மற்ற ஒன்பது பேரும்.

பன்னிரண்டு தச்சரையும் அடித்துப் போட்டால் பாலத்துக்கு ஆள் ஏது? அதிகாரி கையை உதறிக்கொண்டு போய்விட்டான். எங்களுக்குப் பத்து நாள் கிடைத்தது.

பத்து நாள் கழித்து, முதல் ஆப்பைத் தட்டும்முன் எல்லாரையும் கரையேறச் சொன்னேன். கத்தினேன், திட்டினேன். பாலத்துக்கடியில் என்னைச் சுற்றி நின்றுகொண்டு, ஒருவன்கூட என் பேச்சைக் கேட்கவில்லை.