பின் கதவுச் சத்தம்

சக்கரபாணிக்குச் சும்மா உட்காரத் தெரியாது. வாழ்நாளெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒரு பழைய காரை வாங்கி வேங்கிக்கால் வீட்டு வாசலில் நிறுத்தினார். அன்றோடு போனது வீட்டின் நிம்மதி. பஸ் இரைச்சலில் அத்தனை வருஷம் குப்பை கொட்டிய மனிதருக்குக் காரில் ஒரு ஸ்க்ரூ முனகினால் பொறுக்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் டேஷ்போர்டைத் தட்டிப் பார்ப்பார்.

"அந்த வண்டியையே கட்டிக்கினு இருந்திருக்கலாம் நீங்க" என்பாள் மனைவி ஆதிலட்சுமி.

அந்தக் கார் ஓடியதென்னவோ பெரும்பாலும் ஒரே காரியத்துக்குத்தான். ஊத்தங்கரையில் வாழ்க்கைப்பட்ட மகள் கவியா பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருவாள். மறுநாள் அவர் கொண்டுபோய் விடுவார். முன் சீட்டில் அம்மா கட்டிக்கொடுத்த அரிசி மூட்டை, பின் சீட்டில் கவியா. தரை அதிரும், கதவு அதிரும். இவர் ஏதாவது கேட்டால் அவள் "ஆங்?" என்பாள். அவள் சொன்னால் இவர் "இன்னா?" என்பார். கொஞ்ச தூரத்தில் இருவரும் பேச்சையே விட்டுவிடுவார்கள்.

கடைசியில், சத்தத்தை அடக்கித் தரச் சொல்லி, செங்கம் ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருக்கும் ஜானி பாஷாவிடம் வண்டியை விட்டார். பாஷா சீட்டுகளையும் கதவு அட்டைகளையும் கழற்றி, வெறும் தகரத்தின் மேல் பிசின் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தினார். அதற்கு மேல் ஃபோம், கதவைச் சுற்றி ரப்பர் பீடிங். சக்கரபாணி பக்கத்திலேயே நின்று, ஒட்டிய இடத்தையெல்லாம் விரலால் சுண்டிப் பார்த்து பாஷாவின் உயிரை வாங்கினார். வேலை முடிந்து கதவைச் சாத்தினால் கனமாக 'தொப்' என்றது. மனிதர் பூரித்துப்போனார்.

அடுத்த பௌர்ணமி வரைதான் அந்தப் பூரிப்பு.

"பாய், பின்னாடி லெஃப்ட் கதவுல டிக் டிக்குனு ஒரு சத்தம் வருது."

பாஷா கதவைப் பிரித்துக் கிளிப்புகளை மாற்றினார். அதற்கடுத்த பௌர்ணமிக்கும் சத்தம் வந்தது. இம்முறை பாஷா தானே பின்னால் உட்கார்ந்து அடி அண்ணாமலை வரை ஓட்டச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை.

"எப்பண்ணே வருது?"

"செங்கம் தாண்டினா ஆரம்பிக்கும். ஊத்தங்கரை கிட்ட போகப் போக ஜாஸ்தியாவும். திரும்பி வர்றப்ப வராது."

"போறப்ப மட்டும்னா லோடுதான். பின்னாடி இன்னா ஏத்துறீங்க?"

"ஒண்ணுமில்ல. எம்பொண்ணு மட்டும்தான்."

"அப்ப அடுத்த வாட்டி பாப்பாவையும் கூட்டினு வாங்க. உக்கார வெச்சே பாத்துடலாம்."

பாஷா எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் சக்கரபாணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதன்பின் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். காரைத் தட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். ஆதிலட்சுமிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த பயணத்தில் செங்கம் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். டிக். கண்ணாடியைத் திருப்பிப் பின் சீட்டைப் பார்த்தார். கவியா வெளியே பார்த்தபடி இருந்தாள். அவள் இடது கை கதவின் கைப்பிடியை மெல்ல இழுத்தது, விட்டது. டிக். மறுபடி இழுத்தது. பஸ் படியிலிருந்து ஆட்கள் விழுந்ததைப் பார்த்த பழைய பயத்தில், பின் கதவுகளை உள்ளிருந்து திறக்க முடியாதபடி அவர் எப்போதோ லாக் செய்து வைத்திருந்தார்.

புளியமரத்தடியில் ஓரங்கட்டினார்.

"ஏம்மா, எறங்கணுமா?"

கவியா திடுக்கிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அங்க போறதுக்கு இங்கயே எறங்கிடறேம்பா."

சக்கரபாணி இறங்கிப்போய் வெளியிலிருந்து கதவைத் திறந்தார். அரிசி மூட்டையைத் தூக்கிப் பின்னால் போட்டார். அவளை முன் சீட்டில் உட்காரவைத்து வண்டியைத் திருப்பினார்.

செங்கம் வந்ததும் அவளே ஆரம்பித்தாள், வீடு வரும்வரை நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்த பேச்சு. ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டது.