வெந்நீர் அண்ணனின் மீன் தொட்டி

சட்டைப் பொத்தானை ஒரு கையால் மாட்டிக்கொண்டே மறு கையால் கண்ணாடிக் குழாயைக் குலுக்குகிறார் வெந்நீர் அண்ணன். உள்ளே மீன் தொட்டித் தண்ணீரும், அதில் விஷம் ஏறியிருந்தால் நிறம் காட்டும் சில துளி மருந்தும். மஞ்சளாக நின்றால் நிம்மதி, ஆரஞ்சானால் கவலை, சிவந்துவிட்டால் காலைச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. ஜன்னலோரம் ஒரு தரம், விளக்கடியில் ஒரு தரம் என்று குழாயோடு வீடெல்லாம் அலைவார். "அத கீழ வெச்சிட்டு பட்டன ஒழுங்கா போடுங்க. ஒண்ணு மாத்தி ஒண்ணு மாட்டியிருக்கீங்க" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்.

மருத்துவமனையில் அறுவை அரங்குக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கிருமி நீக்கித் தருவது இவர் வேலை. கழுவி, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டுவார். பூட்டியதை இழுத்துப் பார்ப்பார். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். "ஒரு கிருமி தப்பிச்சாலும் அங்க ஒரு ஆளு போயிடுவாங்கம்மா" என்று நர்ஸுகளிடம் சொல்லும்போது குரல் நிஜமாகவே நடுங்கும். அவர்கள் வைத்த பெயர்தான் வெந்நீர் அண்ணன். வீட்டிலும் அதே கதைதான். தக்காளியைக்கூட வெந்நீரில் குளிப்பாட்டாமல் உள்ளே விடமாட்டார்.

இப்பேர்ப்பட்டவர் கையில் மகளின் மீன் தொட்டி சிக்கியது. மகள் பள்ளிச் சுற்றுலா போயிருந்த சமயத்தில், அவளுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று ஃபில்டரைத் திறந்தார். உள்ளே ஸ்பாஞ்சு பழுப்பாக, வழவழவென்று இருந்தது. பார்த்ததுமே குமட்டியது. ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குக்கரில் போட்டு அவித்து, பளிச்சென்று திருப்பி வைத்தார். குழந்தை பார்த்துச் சந்தோஷப்படும் என்று நினைத்தார், பாவம்.

அந்த வழவழப்பில்தான் தொட்டியின் உயிரே இருந்தது. மீன்களின் கழிவிலிருந்து கிளம்பும் அமோனியா கடும் விஷம். அதைத் தின்று, அவ்வளவு கொடுமையில்லாத நைட்ரேட்டாக மாற்றிக்கொண்டிருந்தவை அதில் குடியிருந்த கிருமிகள். குடியிருந்தவர்களைக் கூண்டோடு அவித்தாயிற்று. மகள் திரும்புவதற்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. மிஞ்சியது ஒரு வயதான தங்கமீன் மட்டும்தான். தோள் பையைக்கூட இறக்காமல் தொட்டியைப் பார்த்தாள் மகள். "ரொம்ப சுத்தமா இருக்குப்பா" என்றாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பார். அன்றிலிருந்து அவள் தொட்டிப் பக்கமே வருவதில்லை. இந்த ஒன்றும் போய்விட்டால் மகள் தன்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள் என்ற பயம் இவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பயந்தவன் ஒன்று அளவுக்கு மீறிச் செய்வான், அல்லது ஒன்றுமே செய்யமாட்டான். இவர் இரண்டையும் முறை வைத்துச் செய்தார். கிருமிகள் மெல்லத் திரும்பக் குடியேறின. அவற்றைக் கொன்றுவிடுவோமோ என்று ஃபில்டரைத் திறப்பதையே விட்டார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்குமே என்று தண்ணீர் மாற்றவும் கை வரவில்லை. கிருமிகள் அமோனியாவைத் தின்றன. நைட்ரேட்டைத் தின்னத்தான் ஆளில்லை. தண்ணீரை மாற்றாததால் அது சேர்ந்துகொண்டே போனது. போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக் குழாய் ரத்தமாகச் சிவந்தது. மீன் அடித்தரையில் வயிற்றைப் பதித்துக்கொண்டு மூச்சு வாங்கியது.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டார். "ஃபில்டரத் தொட்டா கிருமி செத்துடுமேங்க?"

"தொட்டித் தண்ணியிலயே ஸ்பாஞ்ச பிழிங்க சார், ஒண்ணும் ஆகாது. குழாய்த் தண்ணி வேணாம். சுடுதண்ணி வேணவே வேணாம். குளோரின எடுக்கிற மருந்து விட்டு, கால்வாசித் தண்ணி மட்டும் மாத்துங்க. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம். ஒரேயடியா மாத்துனா மீன் தாங்காது."

"ஸ்பாஞ்சு எவ்ளோ சுத்தம் ஆகணும்?"

"கொஞ்சம் அழுக்கு இருக்கணும் சார்."

"கொஞ்சம்னா எவ்ளோ?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. இவர் வேலையில் கொஞ்சம் அழுக்கு என்று ஒன்று கிடையாது.

தொட்டித் தண்ணீரை வாளியில் இறக்கி ஸ்பாஞ்சைப் பிழிந்தார். சேறு போல் இறங்கியது. இன்னொரு பிழி. இன்னும் இருந்தது. வெளுக்கும்வரை பிழியச் சொல்லிக் கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார். பழுப்போடு அப்படியே உள்ளே வைத்து மூடினார். மூடியதை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். புதுத் தண்ணீரைக் கிண்ணம் கிண்ணமாக, சத்தம் வராமல் ஊற்றினார். ஃபில்டர் இரைந்துகொண்டு கிளம்பியது. மீன் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"அப்பா, சாப்பிட வாங்க."

அறை வாசலில் நின்று மகள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டக் கொடுத்திருந்தார். மகள் பக்கத்தில் வந்து, குனிந்து, மீனைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். மீன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர் வாயும் திறந்தது. அது மூடி மறுபடி திறக்கும்வரை, அவர் மூச்சு விடவில்லை.