வாத்துக்குஞ்சு தத்தி நடந்த கதை

மகள் பள்ளியின் முதல் வகுப்பான பிரெப்பில் சேர்ந்து, ஆண்டு முடியும் டிசம்பரும் வந்துவிட்டது. வகுப்பின் முன் நின்று இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வீட்டில் வாய் மூடாதவள், அங்கே தன் முறை வந்தால் ஆசிரியையின் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். விடுமுறைக்கு முன் கடைசியாக ஒரு வாய்ப்பு: பிடித்த கிறிஸ்மஸ் விஷயம் ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும்.

பனியில் வழிதவறும் வாத்துக்குஞ்சின் பழைய கார்ட்டூனைச் சொன்னாள். எங்கள் நோபல் பார்க்கின் டிசம்பர்க் கோடை வெயிலில், மின்விசிறிக்கு முன்னால் இருந்து வருடாவருடம் நாங்கள் பார்க்கும் பனி அது.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கார்ட்டூன் பிறந்த கதையைத் தேடிப் படித்தேன். கிறிஸ்மஸுக்குள் முடிப்பதற்காக, அவர்கள் நாட்டு நடுக்கோடையில் வியர்த்துக்கொண்டு பனி வரைந்திருக்கிறார்கள். நேரம் போதாமல் குஞ்சின் நடைக்கு வேண்டிய படங்களில் சிலவற்றை வரையாமலே விட்டார்களாம். அதனால்தான் குஞ்சு ஓர் அடி வைத்து, சற்று நின்று, அடுத்த அடிக்குத் தாவுகிறது. பார்த்தவர்களுக்கு அந்தப் பிழைதான் பிடித்துப்போயிற்று.

இவ்வளவையும் ஆங்கிலத்தில் பேச்சாக எழுதினேன், யாழ்ப்பாணத்துப் பேச்சுப்போட்டிக்கு எழுதுவதுபோலவே. தொடக்கத்தில் சபை வணக்கம். சூரியன் என்று சொல்லும்போது கை உயர வேண்டும், பனி என்றால் விரல்கள் இறங்க வேண்டும்.

"நடுவர்மாரைத்தான் காணேல்லை," என்றார் கணவர். "ஐஞ்சு வயசுப் பிள்ளையளுக்கு முன்னால பேசப்போறாளப்பா, பாராளுமன்றத்தில இல்லை."

"நீங்கள் சும்மா இருங்கோ. இடையில மறந்துபோனாள் எண்டால்?"

"மறக்கட்டுமே. உமக்குத்தான் பாடமாயிட்டுதே!"

"அம்மா, டூ லோங்!" என்றாள் மகள். இன்னும் ஒரு தடவை மட்டும் சொல்லிப் பார் என்று கெஞ்சினேன்.

பேச்சு நாளன்று பெற்றோரும் வரலாம் என்றார்கள். பின்வரிசையில் ஒரு குட்டிக் கதிரையில் முழங்கால் முட்ட உட்கார்ந்தேன். மகள் எழுந்தாள். வணக்கம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. என்னையே பார்த்தாள். இவ்வளவு சொல்லிக் கொடுத்திருக்கக்கூடாதோ? இல்லை, இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டுமோ? யோசிக்கும்போதே என் உதடுகள் அடுத்த வரியைச் சொல்லத் தொடங்கிவிட்டன. சூரியனுக்குக் கையும் உயர்ந்துவிட்டது.

"உன்ர அம்மா ஏன் கை தூக்குறா? அவவுக்கு டொய்லெட் போகவேணுமா?" என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மகளும் சிரித்துவிட்டாள். "முழுக் கதையும் அம்மாவுக்குத்தான் தெரியும். எனக்கு நடைதான் தெரியும்," என்று அவர்களுடைய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, ஓர் அடி வைத்து நின்றாள். தாவினாள். "அவங்களுக்குப் படம் கீற நேரம் காணேல்லை. அதாலதான் இப்பிடி."

பிள்ளைகள் எல்லோரும் எழுந்து அவள் பின்னால் தத்தத் தொடங்கினார்கள். அடி தவறியவர்களைத் திருத்திக்கொண்டே போனாள். ஆசிரியை போதும் என்று இருமுறை சொல்லியும் நிறுத்தவில்லை. போட்டியாக இருந்திருந்தால் மணி அடித்திருப்பார்கள், புள்ளியும் குறைத்திருப்பார்கள். நான் உயர்த்திய கையை இறக்கிக் கைதட்டினேன்.