கோமுகிக் கரையில் எல்லா வீட்டிலும் ஒரே பதில்

கோமுகி ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். மழைக்காலம் தவறாமல் வெள்ளம் புகும். அதைச் சமாளிக்க மக்கள் எந்த அளவு தயார் என்று பார்த்து எழுதித் தரும்படி ஒரு தொண்டு நிறுவனம் கேட்டது. போன ஐப்பசியில் கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து காலை 8.10-க்குக் கச்சிராயபாளையம் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம். முக்கால் மணி நேரம். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். வழியில் கைப்பிடி இல்லாத ஒரு தரைப்பாலம்.

ஊரில் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை கூடவே வந்தார். ஆறு வீடுகளில் கேட்டேன். சைரன் ஊதும், பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம், ஒரு குறையும் இல்லை. சொற்கள்கூட மாறவில்லை. பேசியவர்களின் கண்ணெல்லாம் எனக்குப் பின்னால் நின்ற ஏழுமலை மேல். நிவாரணத்தில் ஏதோ சுருட்டிவிட்டு ஊரை மிரட்டி வைத்திருக்கிறார் என்றே முடிவுகட்டினேன்.

மதியம் அவர் மோட்டார் போடப் போனதும், ஏழாவது வீட்டுக்குத் தனியாகப் போனேன். செல்வி விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். சைரனைக் காட்டச் சொன்னேன். அவர் என்னையும் என் பையையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆபத்துன்னு எழுதினா எங்கள தூக்கிக்கினு போய் எங்கியோ போட்டுடுவாங்க. நெலம் இங்க கெடக்குது. நீங்க இன்னாத்துக்கு வந்தீங்கன்னு எங்களுக்கு எப்டிங்க தெரியும்?”

ஆறு வீட்டிலும் நான் கேட்டது ஊரே கூடிப் பேசி வைத்த பதில். யாராவது உளறிவிடக்கூடாதே என்றுதான் ஏழுமலை கூட வந்திருக்கிறார். சைரன் கெட்டு இரண்டு வருடமாம். அந்த மனிதரை மனதுக்குள் திருடனாக்கியது உறுத்தியது.

அப்போது செல்வியின் போன் அடித்தது. ஆறு இறங்கி வரும் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து ஒரு விவசாயி; சாமை விற்க இறங்கும்போது இவர்கள் வீட்டில் தங்குகிறவர். மேலே இரண்டு மணி நேரமாகக் கொட்டுகிறதாம். இங்கே சுள்ளென்று வெயில். செல்வி உடனே தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார். ஏழுமலை ஓடி வந்தார். நாற்பது நிமிடத்தில் மாடுகள், விதை மூட்டைகள், நடக்க முடியாத மூன்று பேர் எல்லாம் பள்ளி மேட்டில். நானும் ஒரு மூட்டை தூக்கினேன். 3.40-க்குத் தரைப்பாலம் மூழ்கியது.

இதை எழுதலாமா என்று கேட்டேன். ஏழுமலை செல்வியைப் பார்த்தார். செல்விதான் சொன்னார்: “எழுதுங்க. அந்த ஒருத்தரு போன் போடலன்னா எங்களுக்கு வேற நாதியில்லன்னும் எழுதுங்க.”

அப்படியே எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே அனுப்பினேன். சைரன் இன்னும் சரியாகவில்லை. மறுவாரம் செல்வியும் நானும் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறி, அந்த விவசாயியின் அக்கம்பக்கத்தார் இருவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தோம். இப்போது போன் போட மூன்று பேர்.

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடினாலும் இறங்காதீர்கள். கணக்கெடுக்கப் போனால், எதற்குக் கேட்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமலே ஆறு வீடு ஏறி இறங்கினேன்.