தைலப் புட்டியில் ஏட்டையா

இன்று குற்றாலத்தில் இடுப்புவலித் தைலம் வாங்க வந்த ஏட்டையா, புட்டியைப் பார்த்ததும் கடைக்காரர் வாயில் குத்தினார். கைத்தடியால் மற்ற புட்டிகளையும் அடித்து நொறுக்கினார்.

"எம் மூஞ்சிய எவம்லே இதுல வரைஞ்சது?"

லேபிளில் மீசைக்காரன் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அலறுகிறான். வரைந்தவன், போன மாதம் இறந்துபோன என் பால்ய சிநேகிதன் சங்கரன். வெள்ளைக்காரன் காலத்தில் சுவரில் மூவர்ணக் கொடி வரைந்ததற்காக அவனுடைய வலக்கை விரல்களை லத்தியால் நசுக்கியவர் இதே ஏட்டையாதான். அதற்குப் பிறகு அவன் விளம்பரப் படங்களை இடக்கையால்தான் வரைந்தான்.

கடைக்காரர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இத்தன நாளா இது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது ஏட்டையா. இப்பம்லா தெரியுது."

கூட்டம் மிஞ்சிய புட்டிகளை எடுத்து, அவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

உங்கள் வீட்டுப் புட்டியையும் எடுத்துப் பாருங்கள். இடக்கையால் போட்ட மீசை ஒத்துவருகிறதா?