மேள வாரில் ஆறு துளைகள்

என் தம்பி எவாரிஸ்தோ பெரிய மேளத்தைத் தோளில் மாட்டும் தோல் வாரில் ஆறு துளைகள் இருக்கின்றன. அவன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள அந்த வாரைப் பார்த்தாலே போதும். முதல் துளை, கட்டாயப் பட்டாளச் சேவை முடித்துத் திரும்பிய பத்தொன்பதாம் வயதில் போட்டது. அப்போது அவன் ஈர்க்குச்சி. பகலில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுவான், கார்னிவல் வந்தால் பித்தளை வாத்தியக் குழுவில் மேளம் அடிப்பான். மூன்றாம் துளை கல்யாணமான வருஷம் விழுந்தது. நான்காவதும் ஐந்தாவதும் அடுத்தடுத்து வந்தன. ஆறாவதைப் போன கார்னிவலுக்கு முந்தின வாரம், டயரில் குத்துகிற ஊசியாலேயே குத்திக்கொண்டான். வயிறு அப்படிப் பெருத்திருந்தது. மேளம் உட்காருவதற்கு நல்ல திண்டு கிடைத்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் கேலி பேசிச் சிரித்தோம்.

அது கொழுப்பு இல்லை. ஈரல் கெட்டு உள்ளே கட்டிக்கொண்ட நீர். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் மலையூர் ஓருரோவில் கார்னிவல் ஊர்வலம் போகிற தெருவில் நான் அப்பி விற்கிறவள். ஊதாச் சோளத்தைப் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய சூடான கஞ்சி அது. மேசைக்கு மேலே அப்பிப் பானை, மேசைக்கு அடியில் இன்னொரு கெண்டி. அதில் தேநீரும் சிங்கானி என்கிற திராட்சைச் சாராயமும் பாதிக்குப் பாதி இருக்கும். குளிருக்கு மருந்து என்று சொல்லி இருபது வருஷம் என் கையாலேயே அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன். இதை மறைத்துவிட்டு அவன் கதையைச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் கார்னிவல் செவ்வாய். வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் பீர் தெளித்து, காகிதத் தோரணம் கட்டி, பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படைக்கிற நாள். எவாரிஸ்தோ டயர் கடை வாசலில் குனிந்தான், கறுப்பாக வாந்தி எடுத்தான். நான் கொடுத்தனுப்பிய அப்பிதான் அது என்று நினைத்தேன். ஒரு சொம்பு அப்பியைப் பாழாக்கிவிட்டானே என்று வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே துடைக்கப் போனேன். அவன் மகள் நீல்டா என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, அப்பா காலையிலேருந்து அப்பியே குடிக்கல. சொம்பு அப்படியே உள்ள இருக்கு."

துணியைத் தரையில் வைத்தேன். துணி சிவந்தது. அதற்குப் பிறகு நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. தோரணத்தைக்கூட அவிழ்க்காமல் பக்கத்து வீட்டு வண்டியில் அவனை ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில், உணவுக்குழாயில் வீங்கி வெடித்திருந்த ரத்தக்குழாயைக் கட்டினார்கள். வயிற்றில் ஊசி இறக்கி ஆறு லிட்டர் நீர் எடுத்தார்கள். இரண்டாம் நாள் சாராயம் இல்லாமல் கைகள் உதறின, சுவரெல்லாம் எறும்பு என்று கத்தினான். அதற்கும் மருந்து கொடுத்து அடக்கினார்கள். டாக்டர் அம்மாவுக்கு என் மருமகள் வயதுதான் இருக்கும், ஆனால் பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. ஈரல் வலித்துக் காட்டாது, பெரும்பகுதி கெட்ட பிறகுதான் வாய் திறக்கும் என்றாள்.

"மிச்சம் இருக்கிற ஈரல் உங்களைக் காப்பாத்தும், நீங்க அதைக் காப்பாத்தினா. இனிமே ஒரு சொட்டுகூடக் கிடையாது. இன்னொரு கார்னிவல் குடிச்சீங்கன்னா அதுக்கு அடுத்த கார்னிவல் உங்களுக்கு இல்ல."

அவன் நிறுத்தினான். உப்பையும் குறைத்தான். நான் மேசைக்கு அடியில் இருந்த கெண்டியைத் தூக்கிக் கடாசினேன். இந்த ஜனவரியில் ஒரு நாள் என் கடைக்கு மேளத்தோடு வந்து நின்றான். வார் மூன்றாம் துளையில் இருந்தது, கல்யாண வருஷத்துத் துளை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றினேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று கார்னிவலுக்கு மேளத்தோடு உன் கோயிலுக்கு வருகிறேன் என்று, சுரங்கத் தொழிலாளிகளைக் காக்கிற எங்கள் சுரங்க மாதாவுக்கு அவன் நேர்ந்திருந்தான். இது மூன்றாவது. போகாமல் இருக்க முடியாது. போனாலோ குடிக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊரில் விழாவை எடுத்து நடத்துகிறவர் குழுவுக்குப் பீர் பெட்டிகளை இறக்குவார். ஊர்வலம் நிற்கிற இடத்தில் எல்லாம் தன் கையால் தம்ளரை நீட்டி "சேக்கோ" என்பார். அடி காயக் குடி என்று அர்த்தம். வாங்குகிறவன் பச்சமாமாவுக்கு இரண்டு சொட்டு தரையில் விட்டுவிட்டு ஒரே மூச்சில் காலி செய்ய வேண்டும். மறுத்தால் அவர் முகத்தில் துப்பின மாதிரி. இந்த வருஷம் விழா எடுத்தவர் லாரி வைத்திருக்கும் தோன் சிரிலோ. அவர்தான் நீல்டாவுக்கு ஞானத்தகப்பன். எவாரிஸ்தோ வெட்கப்பட்டுக்கொண்டு, தனக்கு வந்தது வயிற்றுப்புண் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

கார்னிவல் ஊர்வலம் கிளம்புகிற சனிக்கிழமை காலை கடையை நீல்டாவிடம் விட்டுவிட்டுக் குழுவோடு நானும் கிளம்பிவிட்டேன். என்ன கூட்டம், என்ன வெயில். எக்காளங்கள் ஊத, தாளக்காரர்கள் தாளத்தை வானத்துக்கு வீசிப் பிடிக்க, பின்னால் என் தம்பியின் மேளம் தும் தும் என்று என் நெஞ்சுக்குள்ளேயே இடித்தது. முதல் நிறுத்தத்தில் மேளத்தின் திருகை முடுக்குவது போல் குனிந்துகொண்டான். இரண்டாவதில் கக்கூஸுக்கு ஓடினான். மூன்றாவதில் ஒரு கிழவியை நாற்காலி தேடி உட்கார வைக்கிறேன் என்று கூட்டத்துக்குள் புகுந்துவிட்டான். நான் அடக்கமாட்டாமல் சிரித்தேன். நாலாவது நிறுத்தம் மாதா கோயிலுக்கு முந்தின முனை. அங்கே சிரிலோ தம்ளரோடு நேராக அவன் முன்னால் வந்து நின்றார்.

எவாரிஸ்தோ தம்ளரை வாங்கினான். குனிந்து பச்சமாமாவுக்கு இரண்டு சொட்டு விட்டான். பிறகும் தம்ளரை நிமிர்த்தவில்லை. முழுவதையும் தரையிலேயே ஊற்றிவிட்டான்.

தாளக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள். சிரிலோ சிரித்துக்கொண்டே மறுபடி ஊற்றினார். அதுவும் மண்ணுக்குப் போனது. பூமித்தாய்க்குக் கொடுப்பதை யார் தடுக்க முடியும்? மூன்றாவதும் அப்படியே போனபோது அவர் முகம் மாறியது.

"என் கையால குடிக்கக் கசக்குதா எவாரிஸ்தோ?"

"கசக்கல அண்ணே. இத்தனை வருஷமா அவளுக்கு ரெண்டு சொட்டு, மிச்சமெல்லாம் எனக்குன்னு இருந்தேன். இனிமே எல்லாம் அவளுக்கே." அவன் குரல் இறங்கியது. "போன வருஷம் எனக்கு வந்தது வயித்துப்புண் இல்ல. நான் எடுத்தது ரத்தம். ஈரல் போயிடுச்சு. ஒரு சொட்டு குடிச்சா செத்துருவேன்."

ஒரு வருஷமாக மூடி வைத்ததை நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டான். சிரிலோ சண்டைக்கு வருவார் என்று நான் சால்வையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ கேட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அந்த ரத்தம், கறுப்பாவா இருந்துச்சு?"

"ஏன் கேக்குறீங்க?"

"எனக்கு வியாழக்கிழமையிலேருந்து கறுப்பாத்தான் போகுது. தலை சுத்துது. அப்பி குடிச்சதுன்னு நெனச்சேன்."

எவாரிஸ்தோ அவர் மோவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, டாக்டர் அம்மா செய்தது போலவே கண் இமையை இழுத்துப் பார்த்தான். நானும் எட்டிப் பார்த்தேன். இமைக்குள் ரத்தமே இல்லை. வெள்ளை இருக்க வேண்டிய இடம் பழுத்த எலுமிச்சைத் தோல் நிறத்தில் இருந்தது. கோயில் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, முந்நூறு அடிகூட இருக்காது. முடித்துவிட்டுப் போகலாம் என்றார் சிரிலோ. என் தம்பி அதற்குள் வாரைக் கழற்றிவிட்டான்.

"அக்கா, நீ கொண்டுபோ. நான் இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"டேய், உன் நேர்த்திக்கடன்டா. மூணாவது வருஷம்."

"தெரியும். கொண்டுபோக்கா."

ஆட்டக்காரர்களையும் நாற்காலிகளையும் இடித்துத் தள்ளிக்கொண்டு, அவரைத் தாங்கிப் பிடித்தபடி அவன் ஓடினான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்று டாக்டர் அம்மா பிறகு சொன்னாள். இப்போது இருவரும் மாதம் ஒரு முறை ஒன்றாகப் போய் அவளிடம் திட்டு வாங்கிவிட்டு, வரும் வழியில் என் கடையில் அப்பி குடிக்கிறார்கள். அந்த நேரத்தில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? என் கையில் மேளம் இருந்தது, முப்பது வாத்தியக்காரர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தாளக்காரன் ஒருவன் எனக்கு வாரை மாட்டிவிட்டான். மூன்றாம் துளை போதவில்லை, நான்காவதும் பற்றவில்லை. அப்பியோடு விற்கிற பஸ்தேல் என்கிற எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்று வளர்ந்த உடம்பு இது. கடைசியில் ஆறாவது துளையில்தான் எனக்குப் பொருந்தியது. அந்தத் துளையின் எடை என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோலை ஓங்கி அடித்தேன். தாளம் எங்கேயோ போனது, என் அடி எங்கேயோ போனது. ஆனாலும் எக்காளக்காரர்கள் எனக்காக நடையைக் குறைத்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் கோயிலுக்குள் மண்டியிட்டே போனேன்.

மாதாவுக்கு முன்னால் மேளத்தை இறக்கி வைத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்த ஜெபம் எல்லாம் மறந்துபோயிற்று.

"தாயே, எவாரிஸ்தோவோட மேளம் வந்திருக்கு," என்றேன். "அவன் உயிரோட இருக்கான். அதான் வரல."