மச்சான் கிள்ளிய இலைகள்

அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் கூரைக்குத்தான் போகும். காற்றுக்குத் தகரம் பறந்துவிடாமல், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லார் வீட்டுக் கூரையிலும் கல் வைத்திருப்பார்கள். அக்கா வீட்டில் மட்டும் கல்லோடு கல்லாக வளைந்த இரும்புப் பட்டைகள் நான்கு கிடக்கும். துருவேறி, அதன்மேல் பாசியும் ஏறி, தெரியாதவர்கள் பார்த்தால் பழைய இரும்புக்காரன் விட்டுப்போனது என்று நினைப்பார்கள். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட நான் பத்திரமாக வைத்திருக்கவில்லை. அந்த நான்கு பட்டைகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். லீக்ஸும் கரட்டும் கோவாவும் என்று காய்கறி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நுவரெலியா மார்க்கெட்டுக்கு ஓடுகிற பழைய பிக்கப் ஒன்று அவருக்கு உண்டு. வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. மூட்டை கூடுதலாக ஏற்ற வேண்டுமென்று பின்சில்லுகளின் பாரம் தாங்குகிற வில்லில், அதாவது ஸ்பிரிங்கில், இரும்புப் பட்டைகளை அதிகமாகப் போட்டு வைத்திருந்தார். அந்தப் பட்டையை எங்கள் பக்கத்தில் இலை என்றுதான் சொல்வோம். சிங்களத்திலும் ‘துனு கொள’, வில்லின் இலை என்றே பெயர். கூடுதல் இலைகளால், வெறுமனே நிற்கும்போது வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, கீழே விழுந்த காசைத் தேடுகிற ஆள் மாதிரி இருக்கும். யாராவது கேலி பண்ணிவிட்டால் போச்சு. “இந்த உசரம் இருக்கிறதாலதாய்யா அம்புட்டு மூட்டையும் ஒரே நடையில கொண்டுபோறேன். ஒங்களுக்கு என்னா தெரியும்?” என்று லயமே அதிரக் கத்துவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். டிக்கோயா ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். தடியை ஊன்றிக்கொண்டு வாசல்வரை வருவாள், அவ்வளவுதான். இடுப்பை மடக்கி ஆட்டோவிலோ பிக்கப்பின் முன்சீட்டிலோ உட்கார அவளால் முடியாது. ஒருதடவை பின்னால் மெத்தை போட்டுப் படுக்கவைத்துக் கிளினிக்குக் கூட்டிப்போனோம். தோட்டத்து ரோடு பாதி கல், பாதி பள்ளம். பாரமில்லாத வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளி விழ, அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வீடு வந்ததும், “மாப்புள, இனிமே என்னைய அந்த வண்டியில ஏத்தாதீங்க. செத்தாலும் இங்கயே சாவுறேன்” என்று சொல்லிவிட்டாள்.

கல்யாணமோ கொட்டகலைக் கோயிலில். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். “நீ போயிட்டு வாடி, நான் வாசல்ல இருந்தே ஒனக்கு ஆசீர்வாதம் பண்ணுறேன்” என்று அம்மா சிரித்தாள். அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்ட வீடு. அம்மாவும் இல்லாமல் மணவறையில் எப்படி உட்காருவேன்? அடுப்படியில் போய் நின்று அழுதேன். தண்ணீர் குடிக்க வந்த மச்சான் பார்த்துவிட்டார். தண்ணீரைக் குடிக்காமலே வெளியே போய், பிக்கப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பிக்கப் லயத்து வாசலில் நின்றது. முன்சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, அடியில் சவுக்குக் கட்டைகளைக் கொடுத்திருந்தார் மச்சான். கையால் ஆட்டிப் பார்த்து, காலால் உதைத்துப் பார்த்து, அப்புறம்தான் கீழே போனார். வில்லைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அசைவேனா என்றன. மண்ணெண்ணெய் ஊற்றினார், திட்டினார், கடைசியில் ஸ்பேனரின் முனையில் தண்ணீர்க் குழாய் ஒன்றைச் செருகி அதில் தொங்கினார். அக்காவையும் தொங்கச் சொன்னார். “ஐயோ, லயமே பாக்குதுங்க” என்று சொல்லிக்கொண்டே அக்காவும் தொங்கினாள். டங்கென்று விட்டது. இலையைக் குறைத்தால் பின்பக்கம் தாழும், அதிர்ச்சியும் குறையும் என்று அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். “கொழுந்தியாளுக்காகக் கொழுந்து கிள்ளுறேன். யாரும் குறுக்க வராதீங்க.”

வாசலில் சாய்வு நாற்காலியில் நீட்டிப் படுத்திருந்த அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? எத்தனையோ வருஷம் கொழுந்து பறித்த கை அவளுடையது. மச்சான் பக்கத்துக்கு இரண்டாக இலைகளை உருவி வெளியே போட்டதும், “என்னா மாப்புள, எல்லாம் முத்தலா இருக்கு? இதக் கொண்டுபோனா கொழுந்து நிறுக்குற கங்காணி கழிச்சுக் கொட்டிருவாரு” என்றாள். வண்டிக்கு அடியிலிருந்து மச்சானின் குரல் வந்தது. “அது ஒங்க மலை, இது எம் மலை அத்தை. பயப்புடாதீங்க, தாய் இலையில கை வைக்க மாட்டேன்.” செடி பிழைக்க வேண்டுமென்றால் பறிக்கும்போது தாய் இலையை விட்டுவிட வேண்டும். வில்லில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்து முழுப் பாரத்தையும் தாங்குகிற நீள இலைக்கு அவர் அந்தப் பெயரை வைத்ததும் அம்மா சிரித்த சிரிப்பில் தடி கீழே விழுந்தது. சாயங்காலம் அவளைப் படுக்கவைத்துப் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களம்வரை ஓட்டிவிட்டு வந்தார். அம்மா கத்தவில்லை. “தொட்டில்ல கெடக்குற மாதிரி இருக்கு மாப்புள” என்றாள். மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கல்யாணத்தன்று நான் கூறைச்சேலையோடு முன்சீட்டில், அம்மா பின்னால் மெத்தையில். மச்சான் எல்லாவற்றையும் யோசித்திருந்தார், ஒன்றைத் தவிர. எங்கள் லயத்தில் ஒரு வண்டி புறப்பட்டால் ஏறட்டுமா என்று யாரும் கேட்பதில்லை. லயத்திலேயே பிறந்து வளர்ந்த மனுஷன் அதை மறந்து, அம்மா ஒருத்தியின் பாரத்துக்குத்தான் வில்லை மெலிய வைத்திருந்தார். அவர் ஸ்டார்ட் பண்ணுவதற்குள் சீர்த்தட்டு, வாழைக்குலை, பெரியம்மா, சின்னம்மா என்று பாதி லயம் ஏறிவிட்டது. முதல் வளைவிலேயே பின்பக்கம் தொம்மென்று உட்கார்ந்து, ரோட்டுக்குக் குறுக்கே தண்ணீர் ஓடுகிற கானில் சேஸி தட்டி நின்றது. முன்பக்கம் மேலே கிளம்ப, நான் மணக்கோலத்தில் ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தேன். பின்னால் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் எறங்குங்க!” என்று மச்சான் கத்தினார். யார் இறங்குவார்கள்? நான் தட்டு வைத்திருக்கிறேன், எனக்குக் காலில் ஆணி, அவளை இறங்கச் சொல் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொண்டார்கள். கோயிலில் நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அப்போது அம்மா, “மாப்புள, என்னைய எறக்கி விட்டுருங்க. அவங்க போகட்டும், பாவம்” என்றாள். காலில் ஆணி இருந்த பெரியம்மாதான் முதலில் குதித்தாள்! ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டி மெல்ல மேலே எழும்பியது. பிறகு யாரோ தப்பைத் தட்ட, அம்மா மட்டும் மெத்தையில் சாய்ந்திருக்க, சனம் முழுக்கப் பின்னால் நடந்து வந்தது. பஸ் ரோடுவரை அப்படியே போனோம். வழியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் தேர் வருகிறதென்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மாவும் வெட்கமில்லாமல் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே வந்தாள். மணவறையில் என்மேல் விழுந்த முதல் அட்சதை அவள் போட்டது.

கல்யாணம் முடிந்ததும் இலைகளைத் திரும்ப மாட்டுவதாகத்தான் பேச்சு. இல்லாவிட்டால் பாதிப் பாரம்தான் ஏற்றலாம், ஒரு நடைக்கு இரண்டு நடை ஓட வேண்டும். அக்கா கேட்கும்போதெல்லாம் “நாளைக்கு மாட்டிரலாம்” என்பார். அம்மா அதே வண்டியில் கிளினிக்குப் போனாள், தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனாள், கொட்டகலைக்கு வந்து என் மகளைத் தூக்கிக் கொஞ்சினாள். ஒரு காற்றுக் காலத்தில், சும்மாதானே கிடக்கிறது என்று மச்சான் இலைகளைக் கூரைமேல் தூக்கி வைத்தார்.

அம்மா போன பிறகும் அவர் இரண்டு நடைதான் ஓடுகிறார். போன வாரம் போயிருந்தபோது நானே கேட்டுவிட்டேன். “இனி மாட்டிரலாமே மச்சான்?” அவர் ஏணியை வைத்து மேலே ஏறினார். ஒரு இலையை எடுத்து, பாசியைக் கட்டைவிரலால் சுரண்டிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். “காத்துக் காலம் கொழுந்தியா. இத எடுத்தா தகரம் பறந்துரும். நாளைக்குப் பாக்கலாம்” என்றார்.

வாசலில் அக்கா காயப்போட்டிருந்த துணிகளில் ஒன்றுகூட அசையவில்லை.